எம்.வி.பி. யாருக்கு? வாதத்தில் அடிக்கடி நேரும் பிழைகள்

2025 பிப்ரவரி 6 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த விழாவில், அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லின் மதிப்புமிக்க வீரர் (எம்.வி.பி.) விருது பஃபலோ பில்ஸ் அணியின் ஜோஷ் ஆலனுக்குக் கிடைத்தது. அவருக்கு 383 புள்ளிகள். பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் லாமர் ஜாக்ஸனுக்கு 362. முதலிட வாக்குகளைப் பார்த்தால் 27க்கு 23. சில வாரங்களுக்கு முன்புதான், விருதுக்கு வாக்களித்த அதே 50 பத்திரிகையாளர்கள் அந்த ஆண்டின் சிறந்த அணியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் இடத்துக்கு அப்போது அவர்களில் 30 பேர் எழுதிய பெயர் லாமர். அவர் இருக்கும் இடத்தில் அவரே முதல்வன் என்று சொல்லிவிட்டு விருதை இன்னொருவருக்குக் கொடுத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? பால்டிமோர் ரசிகர்களின் கோபம் இன்னும் தீரவில்லை.

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் பலரும் இந்த ஆட்டத்தை விரும்பிப் பார்க்கிறார்கள், இந்தச் சண்டையிலும் இறங்குகிறார்கள். நல்ல விஷயம்தான். யார் சிறந்தவர் என்று வாதாடுவது ரசிகனின் உரிமை. ஆனால் அந்த வாதங்களில் பாதி, விருது கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கின்றன. விருதைத் தரும் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் எது மதிப்பு என்று வரையறுத்துக் கொடுக்கவில்லை. அதனால் நாம் எதை அளக்கிறோம் என்பதை நாமே முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் வாய் திறந்தால் கீழே உள்ள பிழைகளில் ஒன்றிலாவது விழுவோம்.

பிளேஆஃபை இழுத்து வருவது

இதுதான் எல்லாவற்றிலும் பரவலானது. வாக்குகள் லீக் சுற்று முடிந்ததும், பிளேஆஃப் எனும் நாக்-அவுட் சுற்று தொடங்கும் முன்பே அளிக்கப்பட்டுவிடுகின்றன. முடிவை மட்டும் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வாரத்தில் அறிவிக்கிறார்கள். இடையில் ஒரு மாதம் ஓடிவிடுவதால், அந்த மாதத்தில் நடந்ததும் கணக்கில் சேர்ந்தது போல ஒரு மயக்கம் வருகிறது. 2025 ஜனவரி 19 அன்று பஃபலோ 27-25 என்று பால்டிமோரை வென்றது. அதில் லாமர் ஒரு இன்டர்செப்ஷன் கொடுத்தார் (அவர் வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது), ஒருமுறை பந்தைத் தவறவிட்டார். கடைசி நேரத்தில் சமன் செய்திருக்க வேண்டிய பாஸ் சக வீரர் மார்க் ஆண்ட்ரூஸின் கையிலிருந்து நழுவியது. "அதனால்தான் ஆலனுக்கு விருது" என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. அந்த ஆட்டம் நடந்தபோது வாக்குகள் போட்டு முடித்தாகிவிட்டது.

கிரிக்கெட்டில் தொடர் நாயகன் வேறு, இறுதிப் போட்டியின் ஆட்ட நாயகன் வேறு. இங்கும் அப்படித்தான், சூப்பர் பவுலுக்குத் தனியாக ஒரு எம்.வி.பி. உண்டு. இரண்டும் ஒரே பக்கம் சேர்வதே அபூர்வம். 1999 சீசனில் கர்ட் வார்னர் லீக் விருதையும் சூப்பர் பவுலையும் வென்ற பிறகு, 2022 சீசனில் பாட்ரிக் மஹோம்ஸ் வரும்வரை லீக் விருது பெற்ற ஒருவர்கூட அதே சீசனில் கோப்பையைத் தொடவில்லை. ஒன்பது முறை விருது பெற்றவர் இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றார்.

ஒற்றை எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுவது

2024 டிசம்பர் 1, பஃபலோ மைதானத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரான ஆட்டம். கோல் கோட்டுக்குப் பக்கத்தில் ஆலன் பந்தை சக வீரர் அமாரி கூப்பருக்கு வீசுகிறார். கூப்பரை எதிரணியினர் மடக்கிப் பிடிக்கிறார்கள். கீழே விழுவதற்குள் அவர் பந்தைத் திரும்ப ஆலனிடமே தட்டிவிடுகிறார். ஆலன் அதை வாங்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடிக் கோல் கோட்டைத் தாண்டிப் பாய்கிறார், டச் டவுன். அணிக்குக் கிடைத்தது ஆறு புள்ளி. ஆனால் அதிகாரப்பூர்வக் கணக்கில் ஆலன் பெயரில் வீசிய டச் டவுன் ஒன்று, பிடித்த டச் டவுன் ஒன்று என இரண்டு ஏறின. அந்த சீசனில் அவர் "மொத்தம் 41 டச் டவுன்" என்று எழுதும்போது, அதில் ஒரே ஓட்டம் இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது.

அந்த ஆட்டத்தை நான் குறை சொல்லவில்லை, அப்படி ஓர் ஆட்டத்தை அந்த வருடம் வேறு யாரும் காட்டவில்லை. ஆனால் எண் எப்படி உருவாகிறது என்று தெரியாமல் அதை எடுத்து வீசக் கூடாது. வீசுபவரின் தரத்தைச் சொல்லும் பாஸர் ரேட்டிங்கும் அப்படிப்பட்டதுதான். அதன் உச்சம் 158.3. குவாட்டர்பேக் காலால் ஓடி எடுக்கும் யார்டுகள் அதில் கிடையாது. வீசுமுன் எதிரணியிடம் சிக்கி, அதாவது சாக் ஆகி, இழக்கும் யார்டுகள் கிடையாது. கையிலிருந்து நழுவவிடும் பந்தும் கிடையாது. நேராகப் போன பாஸ், பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவரின் நெஞ்சில் பட்டு எதிரி கையில் விழுந்தால் மட்டும் முழுத் தண்டனையும் வீசியவனுக்கு. லாமர், ஆலன் இருவரும் ஓடியே பாதி வேலையை முடிப்பவர்கள். அவர்களை இந்த ஓர் எண்ணால் மட்டும் எடை போட்டால் ஆட்டத்தில் பாதி கண்ணுக்குத் தெரியாது.

சாக் கணக்கிலும் கவனம் தேவை. 2024இல் ஆலன் சாக் ஆனது 14 முறைதான். அவருக்கு முன்னால் நின்ற தடுப்பு வரிசைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. நெருக்கடி வரும்போது பந்தைச் சட்டென்று கைமாற்றிவிடும் ஆலனின் பக்குவமும் உண்டு. இரண்டையும் கத்தியால் வெட்டிப் பிரிக்க முடியாது.

வெற்றியை ஒருவர் கணக்கில் எழுதுவது

இந்தப் பிழையைப் புரிந்துகொள்ள 2024 அக்டோபர் 6 அன்று சின்சினாட்டியில் நடந்த ஒரே ஓர் ஆட்டம் போதும். சின்சினாட்டி பெங்கால்ஸின் ஜோ பர்ரோ 392 யார்டு, ஐந்து டச் டவுன். எதிரில் லாமர் 348 யார்டு, நான்கு டச் டவுன். கடைசிக் கால்பகுதியில் பெங்கால்ஸ் 38-28 என்று முன்னிலை. கோல் கோட்டுக்கு அருகே லாமர் கைக்கு வந்த பந்து நழுவித் தரையில் விழுகிறது. எடுக்கிறார். பாய்ந்து வந்த சாம் ஹப்பர்டை ஒரு கையால் தள்ளிவிட்டு வலப்பக்கம் ஓடுகிறார். ஓட்டத்திலேயே உடம்புக்குக் குறுக்கே வீசிய பந்து சக வீரர் ஐசையா லைக்லியிடம் போய்ச் சேர்கிறது, டச் டவுன். அந்தச் சில நொடிகளை எந்தப் புள்ளிவிவரமும் முழுதாகச் சொல்லாது.

பிறகு பர்ரோ ஒரு இன்டர்செப்ஷன் கொடுக்க, ஆட்டம் 38-38 ஆனது. கூடுதல் நேரத்தில் லாமர் பந்தை நழுவவிட்டார், பெங்கால்ஸ் அதை எடுத்துக்கொண்டது. 53 யார்டிலிருந்து உதைத்தால் வெற்றி. உதைப்பதற்காகப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிப்பவரின் கை தடுமாறியது, உதை தவறியது. அடுத்து ரேவன்ஸின் டெரிக் ஹென்றி 51 யார்டு ஓடினார், ரேவன்ஸ் உதைத்து 41-38 என்று வென்றது. லாமர் கணக்கில் ஒரு வெற்றி, பர்ரோ கணக்கில் ஒரு தோல்வி. தோற்றவர் கையில் பந்தே இல்லாத ஒரு நொடியில் முடிவான விஷயம் அது!

அந்த சீசனில் பர்ரோ 4,918 யார்டு, 43 டச் டவுன் பாஸ் என்று இரண்டிலும் லீக்கில் முதலிடம். அணி 9 வெற்றி, 8 தோல்வி (9-8) என்று முடித்துப் பிளேஆஃபுக்கே போகவில்லை. வாக்கெடுப்பில் அவருக்கு நான்காம் இடம். அணியின் வெற்றி எண்ணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். குவாட்டர்பேக் நன்றாக ஆடினால் அணி பெரும்பாலும் ஜெயிக்கும், எனவே அது ஒரு தடயம். ஆனால் அதைத் தகுதிச் சீட்டாக ஆக்கக் கூடாது. 1973இல் ஓ.ஜே. சிம்ப்ஸன் 2,003 யார்டு ஓடி விருது வாங்கியபோது அவருடைய பஃபலோ அணியும் பிளேஆஃபுக்குப் போகவில்லை.

"அவரை எடுத்துவிட்டால் அணி என்னாகும்?"

கேட்க நன்றாக இருக்கும் கேள்வி. ஆனால் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். 2010இல் 10-6 என்று முடித்த இந்தியானாபொலிஸ், கழுத்து அறுவை சிகிச்சையால் குவாட்டர்பேக் பெய்டன் மேனிங் ஆடாத 2011இல் 2-14 ஆகிவிட்டது. நியூ இங்கிலாந்தின் டாம் பிரேடி 2008இன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறினார். மாற்று ஆட்டக்காரர் மாட் கேசலை வைத்து அந்த அணி 11-5 எடுத்தது. இதை வைத்து மேனிங் மலை, பிரேடி மடு என்று சொல்ல முடியுமா? நாம் அளந்தது மாற்று ஆளின் தரத்தையும், பயிற்சியாளரையும், மீதி அணியையும்தான். பின்னால் நல்ல ஆளை வைத்திருக்கும் அணியில் ஆடுவது ஒரு வீரனின் குற்றமாகாது.

இதே வாதத்தின் தம்பி ஒன்று 2024இல் வந்தது. ஆலனிடமிருந்து ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை மாற்றி அனுப்பிவிட்டார்கள், லாமருக்கோ டெரிக் ஹென்றி கிடைத்தார், ஆகவே ஆலன்தான் என்றார்கள். முதல் பாதி நியாயமானது, பெரிய நட்சத்திர ரிசீவர் இல்லாமல் ஆலன் அணியை 13-4க்கு இழுத்துச் சென்றது பெரிய சாதனை. இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. ஹென்றி அந்த வருடம் 1,921 யார்டு ஓடினார். அவருக்கு வழி திறந்ததற்கு ஒரு காரணம், லாமர் எந்தப் பக்கம் ஓடிவிடுவாரோ என்று எதிரணி அரை நொடி தயங்கி நின்றது. யார் யாருக்கு உதவினார் என்பது இருவழிப் போக்கு.

டிசம்பர் மறதி

2023 சீசனில் கிறிஸ்துமஸ் இரவு வரை விருதுக்கு முன்னணியில் இருந்தவர் சான்ஃபிரான்சிஸ்கோவின் பிராக் பர்டி. அன்று ரேவன்ஸிடம் 33-19 என்று தோற்ற ஆட்டத்தில் நான்கு இன்டர்செப்ஷன் கொடுத்தார். அடுத்த வாரம் லாமர் மயாமியை 56-19 என்று நொறுக்கினார், ஐந்து டச் டவுன், ரேட்டிங் முழு 158.3. அத்தோடு கதை முடிந்தது. லாமருக்கு 50இல் 49 முதலிட வாக்கு. பெரிய அணிகளை நேருக்கு நேர் வென்றதற்கு மதிப்புக் கொடுப்பது சரிதான். ஆனால் 17 ஆட்டங்களின் விருது இரண்டே ஆட்டங்களில் 49க்கு 1 என்று ஆகிவிட்டது எனக்கு இன்றும் உறுத்தல். அடுத்த வருடம் இதே மறதி லாமருக்கு எதிராகத் திரும்பியது. 2024 செப்டம்பரில் ரேவன்ஸ் பஃபலோவை 35-10 என்று அடித்ததை, ஆலனின் டிசம்பர் சாகசங்கள் வந்தபோது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. செப்டம்பர் வெற்றிக்கும் டிசம்பர் வெற்றிக்கும் பட்டியலில் ஒரே எடைதான்.

"அவர்தான் ஏற்கெனவே வாங்கிவிட்டாரே"

லாமரிடம் இரண்டு இருந்தது, ஆலனிடம் ஒன்றுமில்லை. இந்த நினைப்பு யார் மனதிலாவது ஓடியிருந்தால், அது அந்த வருட ஆட்டத்துக்குச் செய்த அநியாயம். இதற்கு மேல் இதில் பேச எதுவுமில்லை.

குவாட்டர்பேக்குக்கு மட்டுமே என்று கதவைச் சாத்துவது

ஒவ்வொரு தாக்குதல் ஆட்டத்திலும் பந்து குவாட்டர்பேக் கைக்கு வருகிறது, எனவே அவருக்கு முன்னுரிமை கிடைப்பது இயல்பு. 2012இல் 2,097 யார்டு ஓடிய ஏட்ரியன் பீட்டர்சனுக்குப் பிறகு 2024 வரை வேறு இடத்து வீரர் யாருக்கும் இது கிடைக்கவில்லை. ஆனால் வரலாறு அவ்வளவு குறுகலானது அல்ல. 1971இல் தடுப்பாட்டக்காரர் ஆலன் பேஜ் வென்றிருக்கிறார், 1986இல் லாரன்ஸ் டெய்லர். வேலைநிறுத்தத்தால் சுருங்கிப்போன 1982இல் பந்தை உதைப்பவரான மார்க் மோஸ்லிக்கே கொடுத்தார்கள். வைட் ரிசீவருக்கு மட்டும் ஒருமுறைகூட இல்லை. 1987இல் 12 ஆட்டங்களில் 22 டச் டவுன் பிடித்த ஜெர்ரி ரைஸுக்கு இல்லை. 2021இல் பிடித்த எண்ணிக்கை, யார்டு, டச் டவுன் மூன்றிலும் முதலிடம் பெற்ற கூப்பர் கப்புக்கு 50இல் ஒரே ஒரு வாக்கு. அன்றைக்கு ஒருவர் ஒரு பெயர் மட்டுமே எழுத முடியும் என்பதும் அதற்குக் காரணம். 2022 முதல் ஐந்து பெயர்களை வரிசைப்படுத்தி எழுதுகிறார்கள், 10, 5, 3, 2, 1 என்று புள்ளி. பழைய வாக்கு எண்ணிக்கையைப் புதியதோடு ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது. அதுபோலவே ஆட்டங்களின் எண்ணிக்கையும்: சிம்ப்ஸனுக்கு 14 ஆட்டம், பீட்டர்சனுக்கு 16, இன்றைக்கு 17.

இத்தனையும் தள்ளிவிட்டு 2024க்கான சீட்டை என்னிடம் கொடுத்திருந்தால், முதலில் லாமர் என்று எழுதியிருப்பேன். 41 டச் டவுன் பாஸுக்கு நான்கே இன்டர்செப்ஷன். 4,000 யார்டு வீசி 900 யார்டு ஓடிய முதல் மனிதர். பஃபலோவைவிட ஒரே ஒரு வெற்றி குறைவு. இரண்டாவது ஆலன், மயிரிழையில். மூன்றாவது பர்ரோ. நான்காவது 2,005 யார்டு ஓடிய பிலடெல்பியாவின் சாக்வான் பார்க்லி. ஐந்தாவது இடத்துக்குப் பலரும் இன்னொரு குவாட்டர்பேக்கைத் தேடுவார்கள், நான் பர்ரோ வீசுவதைப் பிடிக்கும் ரிசீவர் ஜமார் சேஸை எழுதுவேன். 127 கேட்ச், 1,708 யார்டு, 17 டச் டவுன், மூன்றிலும் லீக்கில் முதலிடம். பர்ரோவையும் சேஸையும் ஒரே சீட்டில் எழுதினால் ஒருவர் உழைப்பை இருமுறை எண்ணியதாகாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வீசுவது ஒரு வேலை, நான்கு கைகளுக்கு நடுவே எகிறிப் பிடிப்பது இன்னொரு வேலை, இரண்டுக்கும் தனித்தனியாகவே புள்ளி கொடுப்பேன்.