ஆசியக் கோப்பை ஹாக்கி மேட்ச் புதுசா பாக்கறீங்களா? எதைப் பாக்கணும்னு சொல்றேன்

ஹாக்கி பாக்க ஆசைதான், ஆனா பந்து எங்க இருக்குன்னே தெரியல, விசில் எதுக்கு அடிக்கிறாங்கன்னு புரியலன்னு நிறைய பேர் சொல்றாங்க. அவங்களுக்காகத்தான் இது. ரூல் புக் முழுசா படிக்கத் தேவையே இல்ல, நாலஞ்சு விஷயம் பிடிபட்டா போதும், அப்புறம் நீங்களே சோஃபா நுனிக்கு வந்துருவீங்க. ஆசியக் கோப்பையை வச்சே சொல்றேன், ஏன்னா அதுல ஆம்பளைங்க டோர்னமென்ட், பொம்பளைங்க டோர்னமென்ட் ரெண்டுமே இருக்கு, ஜெயிக்கிற டீமுக்கு வேர்ல்ட் கப் டிக்கெட்டும் கிடைக்கும், அதனால ஒவ்வொரு மேட்சும் உயிரைக் கொடுத்து ஆடுவாங்க.

முதல்ல பாயின்ட்ஸ் டேபிள். இதை விட்டுட்டு மேட்ச் மட்டும் பாத்தா பாதி சுவாரஸ்யம் போச்சு. எட்டு டீம், ரெண்டு பூல் (குரூப்னு வச்சுக்கோங்க), ஒவ்வொரு பூல்லயும் முதல் ரெண்டு டீம் சூப்பர் 4க்குப் போகும், அங்க நாலு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் ஆடி டாப் 2 ஃபைனல் போவாங்க. ஜெயிச்சா 3 பாயின்ட், டிராவுக்கு 1. பாயின்டும் ஜெயிச்ச மேட்ச் எண்ணிக்கையும் சமமா இருந்தா கோல் வித்தியாசம், அதாவது போட்ட கோல்ல வாங்கின கோலைக் கழிச்ச கணக்கு வரும் பாருங்க, அங்கதான் கதையே இருக்கு.

2022ல ஜகார்த்தாவுல நடந்த ஆம்பளைங்க ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு என்ன ஆச்சு? பாகிஸ்தானோட 1-1 டிரா, அந்த மேட்ச்ல நமக்கு கோல் போட்டது நம்ம அரியலூர் பையன் கார்த்தி செல்வம், முடியப் போற நேரத்துல அவங்க சமன் பண்ணிட்டாங்க. அடுத்து ஜப்பான்கிட்ட 2-5ன்னு தோல்வி. மிச்சம் இருந்தது இந்தோனேசியா மட்டும்தான். பாகிஸ்தான் கையில 4 பாயின்ட், கோல் வித்தியாசம் +12. நமக்கு -3. அதாவது ஜெயிச்சா மட்டும் பத்தாது, 15 கோல் வித்தியாசத்துல ஜெயிக்கணும். இளம் பசங்களை வச்சு அனுப்பின டீம் அது, 16-0ன்னு அடிச்சாங்க! பாகிஸ்தான் வெளிய போச்சு, அதோட 2023 வேர்ல்ட் கப் வாய்ப்பும் போச்சு. ஆனா அதே கணக்கு சூப்பர் 4ல நம்மளையும் விடல, கொரியாவோட 4-4 டிரா ஆகி, இந்தியா கொரியா மலேசியா மூணு டீமும் 5 பாயின்ட்ல நின்னப்போ கோல் வித்தியாசத்துல நாமதான் ஃபைனலை விட்டோம். அதனால 6-0ல ஜெயிச்சுக்கிட்டு இருக்கிற டீம் ஏன் இன்னும் வெறியா ஓடுதுன்னு யாராவது கேட்டா டேபிளைக் காட்டுங்க.

இப்ப கிரவுண்டுக்கு வருவோம். 15 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர். ஒரு டீமுக்கு 11 பேர், ஆனா ஆள் மாத்தறதுக்கு கணக்கே கிடையாது, எத்தனை தடவை வேணா உள்ள வெளிய போய் வரலாம், அதான் கடைசி நிமிஷம் வரைக்கும் வேகம் குறையாது. ஆஃப்சைட் கிடையாது. கோல் முன்னாடி அரை வட்டம் மாதிரி ஒரு கோடு இருக்கும், அதுதான் டி. அட்டாக் பண்ற ஆள் ஸ்டிக் அந்த டிக்குள்ள பந்தைத் தொட்டாத்தான் கோல். வெளியில இருந்து எவ்ளோ அழகா அடிச்சு நேரா உள்ள போனாலும் கணக்குல வராது. பந்தையே பாக்காதீங்க, டிக்குள்ள யார் ஃப்ரீயா நிக்கிறாங்கன்னு பாருங்க. பந்து பின்னாடியே கண்ணு ஓடினா பத்தே நிமிஷத்துல களைச்சுப் போயிருவீங்க.

அடுத்தது பெனால்டி கார்னர், இதுக்கு மட்டும் போனை கீழ வச்சிருங்க. டிக்குள்ள டிஃபெண்டர் ஃபவுல் பண்ணா, கால்ல பந்து பட்டா, பி.சி. குடுப்பாங்க. தடுக்கிற டீம்ல கோல் கீப்பரையும் சேத்து அஞ்சே அஞ்சு பேர்தான் கோல் லைன்ல நிக்கலாம், மத்தவங்க எல்லாம் சென்டர் லைனுக்குப் போயிரணும். அந்த நாலு பேர் முகத்துல மாஸ்க் மாட்டுறதைக் கவனிங்க, பந்து என்ன வேகத்துல வரும்னு அதுலயே தெரியும். அட்டாக் பண்ற டீம்ல ஒருத்தர் பேக் லைன்ல (கோல் போஸ்ட் இருக்கிற கடைசிக் கோடு) இருந்து பந்தைத் தள்ளுவாரு, டிக்கு வெளியில ஒருத்தர் நிறுத்துவாரு, இன்னொருத்தர் அடிப்பாரு. ஓங்கி அடிச்சா முதல் ஷாட் 460 மில்லிமீட்டர் உயரத்துக்குள்ளதான் கோல் லைனைத் தாண்டணும், அதாவது கோலுக்குள்ள கீழ இருக்கிற பலகை, கோல் போர்டு, அதோட உயரம். ஆனா ஸ்டிக்கோட இழுத்துட்டு வந்து வீசினா அந்த உயரக் கட்டுப்பாடு கிடையாது. அதான் டிராக் ஃப்ளிக், இந்திய வீரர் ஹர்மன்ப்ரீத் சிங் பேர் வாங்கினதே அதுலதான். என்னைக் கேட்டா அடிக்கிறவரை விட, கோல் லைன்ல இருந்து நேரா பந்தை நோக்கிப் பாய்ஞ்சு ஓடி வர்ற முதல் ரஷ்ஷரைத்தான் பாக்கணும், அந்த தைரியத்துக்கு ஈடே கிடையாது.

கார்டு சுலபம். பச்சைன்னா 2 நிமிஷம் வெளிய, மஞ்சள்னா குறைஞ்சது 5 நிமிஷம், சிவப்புன்னா அவ்ளோதான். மஞ்சள் விழுந்ததும் 10 பேரோட ஆடணும், அடுத்த டீம் அப்பதான் அழுத்தும். வீடியோ ரெஃபரல், அதாவது அம்பயர் முடிவை வீடியோவுல பாக்கச் சொல்லிக் கேக்கறது, ஒரு டீமுக்கு ஒண்ணு, தப்பா கேட்டா அதுவும் போயிரும், அதனால எப்ப கேக்கறாங்கன்னு பாருங்க.

நாக் அவுட் மேட்ச் டிரா ஆனா ஷூட்டவுட். 23 மீட்டர் லைன்ல இருந்து ஒரு ஆள், எதிர்ல கோல் கீப்பர், 8 செகண்ட். ஒரு தடவை அடிச்சுட்டு முடிஞ்சதுன்னு இல்ல, பந்தை உருட்டிட்டுப் போகலாம், சுத்தலாம், கீப்பர் தடுத்து பந்து திரும்பி வந்தா மறுபடியும் அடிக்கலாம், நேரம் இருக்கணும் அவ்ளோதான். 2017ல ஜப்பான்ல இருக்கிற காகாமிகஹாராவுல ஆசியக் கோப்பை ஃபைனல்ல நம்ம பொண்ணுங்க சீனாவை ஜெயிச்சதும் இப்படித்தான், 1-1 முடிஞ்சு ஷூட்டவுட்ல 5-4. கோல்ல சவிதா நின்னாங்க பாருங்க, அதை நெட்ல தேடிப் பாத்துருங்க.

பொம்பளைங்க மேட்ச்சை தயவு செஞ்சு விட்டுறாதீங்க. ஆம்பளைங்க மேட்ச் மட்டும் பாத்துட்டு ஆசிய ஹாக்கி தெரியும்னு சொல்றது சரியில்ல. ரெண்டு பக்கமும் பலம் வேற வேற நாடுகள்ல இருக்கு. ஆம்பளைங்கள்ல கொரியா 5 தடவை ஜெயிச்சிருக்கு, நாம 4, பாகிஸ்தான் 3. பொம்பளைங்கள்ல கொரியா, சீனா, ஜப்பான் மூணுமே தலா 3, நாம 2. 2025ல பீகார்ல இருக்கிற ராஜ்கிர்ல நம்ம ஆளுங்க ஃபைனல்ல கொரியாவை 4-1ன்னு அடிச்சு கப் தூக்கினாங்க, ஒரே வாரம் கழிச்சு சீனாவுல இருக்கிற ஹாங்சோவுல பொண்ணுங்க ஃபைனல்ல முதல் நிமிஷத்துலயே பி.சி.யில நவ்நீத் கவுர் கோல் போட்டும் சீனா 4-1ன்னு திருப்பிருச்சு. அந்த ரெண்டு ஃபைனலையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க. ராஜ்கிர்லயும் சுக்ஜீத் சிங் முதல் நிமிஷத்துலயே கோல் போட்டாரு. முதல் கோல் ரெண்டு இடத்துலயும் நம்மளோடதுதான், ஆனா அதுக்கப்புறம் யார் மிட்ஃபீல்டைப் பிடிச்சாங்க, யார் டிக்குள்ள போய்க்கிட்டே இருந்தாங்கன்னு மட்டும் கவனிங்க, மேல சொன்னது எல்லாம் அதுலயே கண்ணுக்குத் தெரியும்.

நேர்ல பாக்க வாய்ப்பு கிடைச்சா கோல் போஸ்ட் பக்கத்து ஸ்டாண்டுல, கொஞ்சம் உயரத்துல சீட் எடுங்க. பி.சி. அப்ப பந்து போர்டுல அடிக்கிற சத்தம் டிவியில அப்படி வராது. மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போயிருங்க, ரெண்டு டீமும் பி.சி. பழகுறதைப் பாக்கலாம், இன்னைக்கு யார் ஃப்ளிக் பண்ணப் போறாங்கன்னு அங்கயே தெரிஞ்சுரும்.