வெள்ளிக்கிழமைத் தராசு: ஒரு ஹேங்கர், இரண்டு டீ கப், நான்கு வாரம்

"இந்த டஸ்டர் எவ்வளவு எடை இருக்கும்?" என்று மூன்றாம் வகுப்பில் கேட்டேன். "ரெண்டு கிலோ, டீச்சர்" என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்தவள். முந்தைய நாள்தான் 1000 கிராம் ஒரு கிலோகிராம் என்று வகுப்பே கோரஸாக ஒப்பித்திருந்தது. ஒப்பித்த வாய்க்கு கிராம் தெரியும், கைக்குத் தெரியாது. அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்த வெள்ளிக்கிழமைப் பாடம். கடைசி இரண்டு பாடவேளை, நான்கு வாரம். அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் கற்றல் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்காரவைப்பவர்கள் இதற்கு மட்டும் கலந்து உட்காரவையுங்கள். எழுதத் தயங்குகிற பிள்ளை எடை போடுவதில் முந்திக்கொள்கிறது.

முதல் வாரம்: தராசு செய்தல்

ஐந்து பேருக்கு ஒரு தராசு போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் ஹேங்கர், ஒரே அளவு காகித டீ கப் இரண்டு, சாக்கு தைக்கும் நூல், சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்று வேண்டும். கம்பி ஹேங்கர் வேண்டாம், பாரம் ஏறினால் வளைந்துவிடும். பூ கட்டும் நூல் சிக்கிக்கொள்ளும், உல்லன் நூல் இழுபடும். கொட்டாங்குச்சி அழகுதான், ஆனால் ஒரே எடையில் இரண்டு கிடைக்கவே கிடைக்காது.

கப்பின் விளிம்புக்குக் கீழே மூன்று துளைகள் போட்டு நூல் கோத்து, ஹேங்கரின் இரு முனைகளிலும் உள்ள பள்ளங்களில் மாட்டுங்கள். மூன்று துளைகளும் சம தூரத்தில் இருக்க ஒரு வழி: விளிம்பைச் சுற்றி வரும் காகிதப் பட்டையை வெட்டி மூன்றாக மடித்து, மடிப்பு விழும் இரண்டு இடங்களையும் பட்டையின் முனைகள் சேரும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொங்கவிடுவது? நான் முதலில் ஜன்னல் கம்பியில் மாட்டினேன். கம்பி தடிமன், ஹேங்கர் கொக்கி அதில் உரசி, எந்தப் பக்கம் சாய்த்தாலும் அப்படியே நின்றது. இப்போது இரண்டு மேசைகளை ஒரு சாண் இடைவெளியில் போட்டு, நடுவே போக்ஸ் கம்பியை வைத்து, அதில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் தொங்கவிடுகிறேன். தரையில் உட்காரும் பிள்ளைகளுக்குத் தட்டு நேரே கண்ணெதிரில் இருக்கும்.

நான் சறுக்கிய இடம்

வெறும் தராசு சாய்ந்தால் மேலெழும் பக்கத்துக் கப்பின் அடியில் களிமண் உருண்டை ஒட்டி நேராக்குங்கள். எண்ணெய்க் கடையில் பாத்திரத்தின் எடைக்கு ஈடாக மறு தட்டில் பாரம் வைத்துத் தடை கட்டுவதும் இதே வேலைதான். நேராக நின்றதும் தராசு சரியாகிவிட்டது என்று நானும் நினைத்தேன்.

முதல் ஆண்டு ஒரு குழு டஸ்டருக்குப் பதினெட்டு கூழாங்கற்கள் என்றது. அதே டஸ்டரை மறு தட்டில் வைத்த பையன் இருபது என்றான். இருவரும் சண்டைக்கு நின்றார்கள். அரைமணி நேரம் எனக்கும் புரியவில்லை. பிறகு அளவுகோலை எடுத்துப் பார்த்தால், ஒரு பக்கத்து நூல் பள்ளத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே நழுவியிருந்தது. நடுக் கொக்கியிலிருந்து தராசின் ஒரு கை 20 சென்டிமீட்டர், மறு கை 19. அப்படியானால் நீளமான பக்கத்தில் 95 கிராம் வைத்தாலே குட்டையான பக்கத்து 100 கிராமைச் சமன் செய்துவிடும். களிமண் ஒட்டியதால் வெறும் தராசு மட்டும் நேராக நின்று எங்களை ஏமாற்றியிருக்கிறது.

ஆகவே சோதனை இதுதான்: ஒரு தட்டில் பொருள், மறு தட்டில் கல் வைத்துச் சமன் செய்யுங்கள். பிறகு இரண்டையும் இடம் மாற்றுங்கள். மாற்றிய பிறகும் நேராக நின்றால் அது நல்ல தராசு. சாய்ந்தால் நூலைப் பள்ளத்தில் சரியாக உட்காரவைத்து, களிமண்ணை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். இதற்கு ஒரு பாடவேளை முழுக்கப் போனாலும் போகட்டும்.

இரண்டாம் வாரம்: எது கனம்?

இந்த வாரம் எண் எதுவும் வேண்டாம். சாக்பீஸ், ரப்பர், புளியங்கொட்டை, சத்துணவு முட்டை என்று கொடுத்து, முதலில் கையில் தூக்கி ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு தட்டில் வைக்கட்டும். முட்டையை ஓட்டோடும் ஓடில்லாமலும் எடை பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகள் கேட்டுச் சேர்த்தது. பார்த்த முட்டை திரும்பிவரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாம் வாரம்: எடைக்கல்

கடையில் எடைக்கல் வாங்க வேண்டியதில்லை. இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் 10 மில்லி கோடு இருக்கும். அதில் பத்து முறை தண்ணீர் அளந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றினால் 100 மில்லி, அதாவது 100 கிராம். பையின் எடை கணக்கில் வராமலிருக்க மறு தட்டில் அதேபோன்ற வெறும் பையை வைத்து, அதற்குள் மணலைக் கொட்டிச் சமன் செய்யுங்கள். அந்த மணல்தான் உங்கள் 100 கிராம் எடைக்கல். ஐந்து மூடி தண்ணீருக்கு 50, இரண்டுக்கு 20. 250 கிராமுக்கு மேல் இந்தத் தராசில் ஏற்றாதீர்கள், கப் கிழிந்துவிடும்.

ஒரு ரூபாய் நாணயங்களையே எடைக்கல்லாக வைத்துக்கொள்ளலாமே என்று நானும் முயன்றேன். "டீச்சர், அவன் ரூபாய் மட்டும் கனமா இருக்கு!" என்று புகார் வந்தது. புகார் நியாயமானது. 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம், 2019 வரிசை 3.09 கிராம். பத்து நாணயம் வைத்தால் 7 கிராம் வித்தியாசம் வந்துவிடும். நாணயத்தைத் திருப்பி ஆண்டு பார்த்துப் பிரிக்கச் சொன்னால் அதுவே இன்னொரு பாடம். ஆனால் அதை எடை பழகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வாரம்: சந்தை

ஒரு குழு கடை, மற்றவர்கள் வாங்குபவர்கள். வேர்க்கடலை, வெல்லம், கல் உப்பு வைத்தோம். கேட்பது 70 கிராம், கையில் இருப்பது 50, 20, 100 கற்கள் மட்டும். 30 கிராம் கேட்டால் என்ன செய்வது என்று கடைக்காரச் சிறுமி திகைத்தாள். பிறகு ஒரு தட்டில் 50, கடலைத் தட்டில் 20 வைத்துவிட்டுக் கடலையைக் கொட்டினாள். கழித்தல் கணக்கை நான் கரும்பலகையில் எழுதவே இல்லை.

பிறகு சேர்த்தவை

மணல் எடைக்கல் அடுத்த வாரம் குறைந்துவிட்டது என்று இதைச் செய்துபார்த்த ஒரு ஆசிரியர் எழுதியிருந்தார். ஈர மணலை நிரப்பியிருக்கிறார், அது காய்ந்துவிட்டது. எனக்கும் மழைக்காலத்தில் இதே கதைதான். இப்போது மணலுக்குப் பதில் கழுவிக் காயவைத்த சிறு ஜல்லி போடுகிறேன்.

இன்னொருவர் பொற்கொல்லர்கள் முன்பு குன்றிமணியால் எடை பார்த்ததைச் சொல்லி, அதைத் தரலாமா என்று கேட்டார். தயவுசெய்து தராதீர்கள். குன்றிமணி கடும் விஷம், கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. பெரிய பிள்ளைகளுக்கு மஞ்சாடி விதை கொடுக்கலாம், அதையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். சிறியவர்களுக்குப் புளியங்கொட்டையே போதும், அதையும் மூக்கில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டஸ்டர் எங்கள் தராசில் 60 கிராமுக்கும் 70 கிராமுக்கும் நடுவில் நின்றது. ரெண்டு கிலோ என்று சொன்னவளே அதை நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு டஸ்டரும் வரைந்து வைத்திருக்கிறாள்.