தூரிகையிலிருந்து கேமராவுக்கு: இயற்கையைப் படமெடுக்க வரும் ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரையத் தெரிந்தவருக்கு ஒளியும் நிழலும் புதிதல்ல. எந்த நிறம் எதன் பக்கத்தில் நின்றால் எடுபடும், எங்கே வெற்றிடம் வேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே கைவந்தவை. கேமராவை இயக்கக் கற்றுக்கொண்டால் போதும், இயற்கைப் படங்கள் தானாக அமைந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஓவியர்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் அவர்களோடு கூடவே வந்த பழக்கங்கள்தான்.

வேண்டாததை மனம் தானாக ஒதுக்கிவிடுவது அவற்றில் முக்கியமானது. மரத்துக்குப் பின்னால் மின்கம்பம் இருந்தால் நாம் அதை வரைவதில்லை. கண்ணில் பட்டதாகக்கூட நினைவிருக்காது. கேமரா எதையும் விட்டுவைக்காது. கொக்கின் தலைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி, மூலையில் வெளுத்துத் தெரியும் வானத்துண்டு எல்லாம் பதிவாகிவிடும். அப்புறம் கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்று விடுவதைத்தான் நான் பெரிய தவறாக நினைக்கிறேன். அங்கேயே இரண்டடி நகர்ந்திருந்தாலோ, தரையோடு தாழ்ந்து உட்கார்ந்திருந்தாலோ குச்சி மறைந்திருக்கும். இன்னும் நல்ல கோணமும் அகப்பட்டிருக்கும். அதைக் கணினியில் தேட முடியாது. ஓவியர் கையால் செய்யும் தேர்வைப் புகைப்படக்காரர் காலால் செய்ய வேண்டும். ஃபிரேமின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு ஷட்டரை அழுத்துங்கள்.

பின்னணியைக் குறைத்தால் என்ன கிடைக்கும் என்று பார்க்க கார்ல் பிளாஸ்ஃபெல்ட்டின் படங்கள் போதும். சிற்பம் பயின்ற ஜெர்மானியர். பெர்லினில் கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர். செடிகளின் வடிவத்தை மாணவர்களுக்குக் காட்டுவதற்காகவே அவற்றைப் படமெடுத்தார். மொட்டு, தண்டு, சுருண்டிருக்கும் பெரணித் தளிர் ஆகியவற்றைப் பல மடங்கு பெரிதாக்கி, வெறும் பின்னணியில் காட்டினார். அந்தப் படங்கள் 1928இல் நூலாக வந்து அவருக்குப் புகழ் தந்தபோது 60 வயதைத் தாண்டியிருந்தார். தாமதமாகத் தொடங்குகிறோமே என்று தயங்குபவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

சரி, இப்படிப்பட்டவர்களிடம் எதை எடுத்துக்கொள்வது? இங்கேதான் அடுத்த தவறு. அமெரிக்க இயற்கைப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸைப் பிடித்துப்போனால், கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அவர் நின்ற இடத்தைத் தேடிப்பிடித்து கேமரா முக்காலியை நிறுத்துகிறார்கள். பியானோ கலைஞராக வேண்டும் என்று பயின்றவர் அவர். 1927இல் அங்கிருக்கும் ஹாஃப் டோம் என்ற பாறையை, லென்ஸுக்கு மஞ்சள் ஃபில்டர் (நிறக் கண்ணாடி) போட்டு எடுத்தார். வானம் வெளிறிப்போய், அந்தப் பாறை தனக்குத் தந்த உணர்வு படத்தில் வராது என்று அப்போதே புரிந்தது. படம் பதிவதற்காக மீதமிருந்த கடைசிக் கண்ணாடித் தட்டை அடர் சிவப்பு ஃபில்டரோடு பயன்படுத்தினார். வானம் ஏறக்குறைய கறுப்பாகி, பாறை எழுந்து நின்றது. அழுத்துவதற்கு முன்பே முடிந்த படத்தை மனத்தில் பார்ப்பது ஓவியருக்கு இயல்பாகவே உள்ள திறமை. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். இடத்தை நகலெடுத்தால் இன்னொரு பிரதிதான் மிஞ்சும்.

கண்ணை அப்படியே நம்புவதும் வேண்டாம். பளிச்சென்ற மேகத்திலும் மரத்தடி நிழலிலும் கண் மாறி மாறிப் பழகிக்கொண்டு விவரம் பார்க்கும். கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரால் அந்த அளவுக்கு முடியாது. தவிர, கேமராவின் ஒளிமானி காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால் ஃபிரேம் முழுக்கப் பனி இருந்தால் அது அழுக்குச் சாம்பலாக விழும். எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் ஒளியின் அளவை, ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்காகும்). இருண்ட காட்டின் முன்னால் சிறிதாக ஒரு வெள்ளைப் பறவை இருந்தால் நேரெதிர்: குறைக்காவிட்டால் இறகுகள் வெளுத்துப் போகும். அப்படி முழுதும் வெளுத்த பகுதியை, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில்கூட மீட்க முடியாது. படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டி நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓவியர்களுக்கு நிறத்தில் துணிச்சல் அதிகம். அது நல்லதுதான், ஆனால் எடிட்டிங்கில் செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லாப் பச்சையும் ஒரே பச்சையாகிவிடும். நனைந்த இலை வெளிறித் தெரிவதற்குக் காரணம் அதன் மேல் பிரதிபலிக்கும் வானம். போலரைசர் ஃபில்டரைத் திருப்பினால் அந்தப் பளபளப்பு குறைந்து இலையின் சொந்த நிறம் வெளியே வரும். அந்தி வெளிச்சத்தில், கேமரா நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் பொன்னிறத்தை மங்கவைக்கலாம். பகல் வெளிச்சத்துக்கான அமைப்பில் வையுங்கள்.

கடைசியாக, எனக்கு மனம் பொறுக்காத ஒன்று. மேசைமேல் பழத்தை நகர்த்தி வைத்து வரைந்த பழக்கத்தில், பறவைக் கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துவிடுகிறார்கள். வெயிலிலிருந்தும் வேட்டையாடும் உயிர்களிடமிருந்தும் குஞ்சுகளைக் காப்பது அந்தக் கிளைதான். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் கூடாது; எதிரி வந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதையும் குஞ்சு காப்பதையும் விட்டு அது அலைக்கழியும். பறவை எச்சரிக்கைக் குரல் கொடுத்தாலோ, இரையோடு வந்தும் கூட்டுக்குப் போகாமல் கிளையிலேயே காத்திருந்தாலோ நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள்; படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, உடனே பின்வாங்கிவிடுங்கள்.