அடிக்கடி தூக்கிப்போகும் கம்ப்யூட்டருக்குப் பெரிய கூலர் வாங்கும்போது

பெங்களூரில் பிஜி மாற்றுவதும், லீவுக்கு சிபியுவோடு ஓசூர் வழியாக ஊருக்கு பஸ் ஏறுவதும் வழக்கமென்றால், கூலரில் (பிராசசர் சிப்பின் சூட்டைத் தணிக்க அதன் மேல் மாட்டும் உலோகத் தகடுகளும் ஃபேனும்) முதலில் எடையைப் பாருங்கள். நாக்டுவா என்ஹெச்-டி15 ஃபேன்களோடு 1,320 கிராம், உயரம் 165 மி.மீ.; மேசையை விட்டு நகராத மெஷினுக்கு அருமையான பொருள், ஆனால் கேபினெட் நிமிர்ந்து நிற்கும்போது அத்தனை எடையும் மதர்போர்டிலிருந்து பக்கவாட்டில் தொங்கும், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் போர்டைப் பிடித்து இழுக்கும். அதே கம்பெனியின் ஒற்றைக் கோபுர (தகடுகள் ஒரே அடுக்காக நிற்கும்) கூலரான என்ஹெச்-யு12எஸ் ஃபேனோடு 755 கிராம்தான். 65 வாட் சிப்புக்கு அதுவே தாராளம்.

எடையைவிட மாட்டும் விதம் முக்கியம். போர்டின் ஓட்டையில் அழுத்திச் செருகும் பிளாஸ்டிக் புஷ்-பின் வேண்டவே வேண்டாம். போர்டுக்குப் பின்னால் பேக்பிளேட் என்ற தாங்கு தகட்டை வைத்து ஸ்க்ரூவில் இறுக்குவதாக இருக்கட்டும். மாட்டியதும் கூலரை மெல்லத் திருகிப் பாருங்கள், ஆடினால் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பும் முன் கேபினெட் எத்தனை மி.மீ. கூலரைத் தாங்கும், ரேம் இடிக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ‘உட்கார்ந்துடும் சார்’ என்றுதான் சொல்வார்.

பயணத்தில் கேபினெட்டைப் படுக்க வையுங்கள், கூலர் மேல்நோக்கி இருக்க வேண்டும். டி15தான் வேண்டுமா, சரி, கூரியரில் போட்டால் மட்டும் கழற்றிவிடுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் சிப் என்றால் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டி, சிப்புக்கும் கூலருக்கும் நடுவிலிருக்கும் பேஸ்ட் இளகியபின் அணைத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி, கூலரை இடவலமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் சிப்பும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரலாம். திரும்ப மாட்டும்போது புது பேஸ்ட் போடணும்.