சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விமானம் மாறுகிறீர்களா?

சென்னையிலோ திருச்சியிலோ பெட்டியைக் கவுண்டரில் போட்டதும் போர்டிங் பாஸின் பின்னால் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டித் தருவார்கள். நகரும் முன் அதைப் படியுங்கள். நீங்கள் போய்ச் சேரும் ஊரின் மூன்றெழுத்துக் குறி அதில் இருக்க வேண்டும். மெல்போர்ன் என்றால் எம்இஎல். வெறும் எஸ்ஐஎன் என்றிருந்தால் பெட்டி சிங்கப்பூரிலேயே இறங்கிவிடும். அதை எடுக்கக் குடிநுழைவைத் தாண்ட வேண்டும், இந்தியக் கடவுச்சீட்டுக்கு அங்கே விசா கேட்பார்கள். இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான்.

இறங்கியதும் 'அரைவல்' பலகையின் பின்னால் போகாதீர்கள், 'டிரான்ஸ்ஃபர்' பலகையைப் பாருங்கள். அடுத்த போர்டிங் பாஸ் கையில் இல்லாவிட்டால் முதலில் டிரான்ஸ்ஃபர் கவுண்டர். இருந்தால் திரையில் கேட் எண்ணைப் பாருங்கள். எழுத்தே முனையத்தைச் சொல்லிவிடும்: சி, டி ஒன்றாம் முனையம், ஈ, எஃப் இரண்டாவது, ஏ, பி மூன்றாவது, ஜி, ஹெச் நான்காவது. முதல் மூன்றுக்கும் இடையே ஸ்கைடிரெய்ன் என்ற சிறு ரயில் ஓடுகிறது. நான்காவது தனியாக இருக்கிறது, பஸ்ஸில்தான் போக வேண்டும். அதற்குக் கூடுதலாக அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

புதியவர்கள் நேரத்தைத் தப்பாகப் போடுவதற்குக் காரணம் பாதுகாப்புச் சோதனை. முதல் மூன்று முனையங்களில் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒரே தளத்தில் நடமாடுவதால், சோதனையை ஒவ்வொரு கேட்டின் வாசலிலும் வைத்திருக்கிறார்கள். கேட் வரை நடந்து வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு விமானத்துக் கூட்டம் முழுவதும் அங்கேதான் வரிசையில் நிற்கும். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலும் அந்த வாசலைத் தாண்டாது. காலி பாட்டிலைக் கொண்டுபோகலாம். கைப்பையில் இருக்கும் நெய், தொக்கு, ஊறுகாய் எல்லாம் திரவக் கணக்கு, 100 மில்லிக்கு மேல் போனால் எடுத்துவிடுவார்கள், பெட்டியில் போடுங்கள். டியூட்டி ஃப்ரீ பாட்டில் என்றால் கடையில் ஒட்டிய பையைப் பிரிக்காமல் ரசீதோடு வைத்திருங்கள். கழிப்பறைக்கும் சோதனைக்கு முன்பே போய்விடுவது நல்லது, குழந்தைகளோடு வருபவர்கள் கட்டாயம்.

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். நெட்வொர்க் இல்லாத கைபேசி இந்திய நேரத்திலேயே நின்றுவிடும். போர்டிங் பாஸில் இருப்பதோ சிங்கப்பூர் நேரம். அறிவிப்பு வரும் என்று காத்திராமல் அரை மணிக்கொரு தடவை திரையைப் பாருங்கள், கேட் மாறுவதுண்டு.

உள்ளேயே அருவி கொட்டும் ஜுவல் என்ற கடை வளாகம் குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது. விசா இல்லாதவர்கள் பகல் வேளையில் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையே ஸ்கைடிரெய்னில் ஏறினால் போதும். ரயில் ஜுவலுக்குள்ளேயே புகுந்து போகும். 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவியைக் கண்ணாடி வழியே பார்த்துவிடலாம்.