வயிற்றுக்குள் ஒட்டும் தழும்பு: காவல் செல்களைப் பற்றிய தப்புக் கணக்குகள்

வெளித் தழும்பு ஆறி நூலாக மெலிந்துவிட்டால் உள்ளேயும் எல்லாம் சரி என்று நினைப்பதுதான் முதல் தவறு. வயிற்றைத் திறந்து செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு உள்ளே எங்காவது ஒட்டல் இருக்கும், அதாவது குடலோ வேறு உறுப்போ பக்கத்தில் இருப்பதோடு தழும்பு நாரால் ஒட்டிக்கொண்டிருக்கும்; சிசேரியனுக்குப் பிறகும் இது வரலாம். பலருக்கு அது கடைசிவரை தொந்தரவே தராது. சிலருக்குப் பல வருடம் கழித்துக் குடல் அடைப்பாக வந்து நிற்கும். ஒட்டல் ஸ்கேனில் பெரும்பாலும் நேரடியாகத் தெரியாது. அதனால் 'ஸ்கேன் நார்மல்' என்றால் ஒட்டல் இல்லை என்று அர்த்தமில்லை.

அடுத்தது, 'எதிர்ப்பு சக்தி குறைவு, அதான் குடல் ஒட்டிக்கிச்சு' என்பது. இந்தப் பேச்சு வழக்கமாகக் கஷாயத்தில் போய் முடியும். நடப்பது வேறு. குடலையும் வயிற்றுச் சுவரையும் ஒரே அடுக்குச் செல்கள்தான் மூடியிருக்கின்றன. அது உரசினாலோ உலர்ந்தாலோ ஃபைப்ரின் என்ற பசை படியும். சில நாட்களில் பசை கரைந்து, ஒரு வாரத்துக்குள் புது மூடல் வளர்ந்துவிட்டால் பிரச்சினை இல்லை. கரையாமல் நின்றால் அதன்மேல் கொலாஜன் என்ற நார்ப் புரதம் ஏறி, இரத்தக்குழாய்களும் வளர்ந்து, நிரந்தர நாராகிவிடும்.

இதில் மேக்ரோஃபேஜ்களை, அதாவது கிருமிகளையும் கழிவுகளையும் விழுங்கும் எதிர்ப்புச் செல்களை, வில்லன் ஆக்குவதும் தவறு, நாயகன் ஆக்குவதும் தவறு. வயிற்றுக்குள் இருக்கும் திரவத்தில் இந்தக் காவல் செல்கள் மிதந்துகொண்டே இருக்கின்றன. 2021இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வில், லேசரால் போட்ட சின்னக் காயத்துக்கு இவை நிமிடங்களில் வந்து, இரத்தத் தட்டணுக்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டி மூடின. அறுவை சிகிச்சை போன்ற பெரிய காயத்திலோ, அதே குணத்தால் பெருங்கட்டிகளாகத் திரண்டு ஒட்டலுக்கு அடித்தளம் போட்டன. அதே வருடம் வெளிவந்த வேறோர் எலி ஆய்வில், இதே செல்கள் காயத்தின்மேல் தடுப்பாகப் படிந்து ஒட்டலைக் குறைத்தன! இரண்டும் எலிகள் என்பதையும் மறக்கக்கூடாது.

'அப்படியானால் ஸ்டீராய்டு கொடுத்து எல்லாவற்றையும் அடக்கிவிடலாமே' என்று தோன்றும். முயன்றிருக்கிறார்கள். ஆனால் காயத்தை ஆற்றுவதும் இந்தச் செல்கள்தானே. அடக்கினால் புண் ஆறுவது தாமதமாகும், தொற்றும் சேரலாம்.

மருத்துவர்கள் பக்கத்திலும் ஒரு பழைய தவறு உண்டு: பவுடர் பூசிய கையுறை. உள்ளே சிந்திய ஸ்டார்ச் துகள்களை விழுங்க மேக்ரோஃபேஜ்கள் கூடி, அங்கே கட்டியும் ஒட்டலும் உருவாயின. அமெரிக்காவில் 2017 ஜனவரியில்தான் அந்தக் கையுறைகளுக்குத் தடை அமலானது.

ஒட்டலை வெட்டிப் பிரித்துவிட்டால் தீர்ந்தது என்பதும் நம்பக்கூடியதல்ல. வெட்டிய இடம் புதுக் காயம். அங்கேயும் அதே செல்கள்தான் ஓடிவரும். அதனால்தான் சில சமயம் இடையில் கரையும் படலத்தை வைத்து மூடுகிறார்கள்.

அப்புறம், முறுக்கிப் பிடிக்கும் வயிற்று வலியோடு வாந்தியும் வந்து, மலமும் காற்றும் பிரியாமல் நின்றால் வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இருபது வருடத்துக்கு முந்தைய ஆபரேஷன் ஆனாலும் அதை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.