அடிபட்டு வந்த பாவித்த கமரா: திருத்தக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

இணையத்தில் வாங்கிய பாவித்த கமரா மட்டக்களப்புக்கு வந்து சேரும்போது வழியில் அடிபட்டிருந்தால், அதை எந்த வரிசையில் சோதிப்பது, எதைத் தொடாமல் விடுவது, பணத்தை எப்படிக் கேட்பது என்பவற்றை இங்கே எழுதுகிறேன். எனக்கு வந்தது 18-55 மி.மீ. லென்ஸ் பூட்டிய ஒரு டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே ஆடி உள்ள, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கமரா); பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, லென்ஸின் முன்வளையம் நெளிந்திருந்தது. பணம் பற்றிய பேச்சு முடியும் வரை எதையும் திருத்தக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீங்கள் கைவைத்த இடத்தை வழியில் உடைந்த இடம் என்று பிறகு எவரும் ஏற்கமாட்டார்கள்.

முதற்படி பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. கூரியர்காரர் கையொப்பம் கேட்கும்போது, “வெளிப்பெட்டி நசுங்கியுள்ளது” என்று அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் காத்தான்குடி வரை கொடுக்க வேண்டிய பார்சல்கள் அவரிடம் இருக்கும், அவசரப்படுவார். நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை. பெட்டியின் ஆறு பக்கங்களையும் முகவரிச் சீட்டையும் படமெடுத்து, வெட்டித் திறப்பதை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். உள்ளே இருந்த ரெஜிபோம் துண்டுகளையும் பபிள் ஷீட்டையும் எறியாதீர்கள். பொதி செய்த முறை பிழையா, கொண்டுவந்த முறை பிழையா என்று விற்றவரும் கூரியரும் ஒருவரையொருவர் கைகாட்டும்போது உங்களிடம் இருக்கும் சாட்சி அவைதான்.

அடுத்து, பற்றரியைப் போட்டு இயக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். லென்ஸைக் கழற்றி, இரண்டையும் தனித்தனியே காதருகே பிடித்து மெதுவாகச் சரித்துப் பாருங்கள். அதிர்வுக் கட்டுப்பாடு உள்ள லென்ஸில் மெல்லிய சலசலப்புக் கேட்பது இயல்பானது. கண்ணாடித் துகள் உருளும் ஓசை கூர்மையாக, வேறாகக் கேட்கும். கமராவின் உடலுக்குள் டோர்ச் அடித்து, சாய்ந்திருக்கும் ஆடி தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது கழன்று கிடந்தால் சட்டர் பொத்தானை அழுத்தவே வேண்டாம். லென்ஸின் உள்ளே நூலாம்படை போல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சணம். பழைய ஈரப்பதத்தின் வேலையே தவிர வழியில் நேர்ந்தது அல்ல. விளம்பரத்தில் சொல்லாமல் மறைத்த குறையாக அதைத் தனியே கேட்கலாம். சேதக் கோரிக்கையோடு கலந்தால் இரண்டும் பலவீனப்படும்.

உடலின் திருகாணிகளைக் கழற்ற வேண்டாம். பிளாஷுக்கு மின்னைத் தேக்கி வைக்கும் கொள்ளளவியில் ஏறத்தாழ 300 வோல்ட் இருக்கக்கூடும், பற்றரியை எடுத்த பிறகும் அது தங்கியிருக்கும்.

என்னை நீண்ட நேரம் இழுத்தடித்தது இனி வரும் படிதான். வளையம் நெளிந்தது கண்ணுக்குத் தெரியும்; அதே அடியில் உள்ளே ஒரு கண்ணாடி சற்றே சாய்ந்திருந்தால் தெரியாது. படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாகும், அவ்வளவுதான். இதைச் சுவரைப் படமெடுத்துப் பார்க்கும்படி பலரும் சொல்வார்கள். கமரா சுவருக்கு நேராக நிற்காமல் இம்மியளவு திரும்பியிருந்தாலும் ஒரு பக்கம் தானாகவே மங்கும் என்பதால், அந்தச் சோதனையை நான் நம்புவதில்லை. அதற்குப் பதிலாக, காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வாவிக் கரையில் முக்காலியை வைத்து, அக்கரையில் தெரியும் தொலைபேசிக் கோபுரம் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். லென்ஸை 18 மி.மீ.இல், துவாரத்தை முழுதாகத் திறந்து எஃப் 3.5இல் வைத்து, அதிர்வுக் கட்டுப்பாட்டை நிறுத்தி, பின்திரையில் காட்டும் லைவ் வியூவில் பெரிதாக்கி, கையால் ஒரே ஒரு முறை குவியப்படுத்துங்கள். பிறகு குவிய வளையத்தைத் தொடாமல், கோபுரம் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வருமாறு கமராவைத் திருப்பித் திருப்பி எடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலையில் மட்டும் கோபுரத்தின் கம்பிகள் இரட்டித்துத் தெரிந்தால் ஏதோ சாய்ந்துவிட்டது. நண்பரிடம் வேறொரு லென்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதே மூலை மீண்டும் மங்கினால் குறை உடலில், இல்லாவிட்டால் லென்ஸில்.

லைவ் வியூவில் கூர்மையாக வரும் படம் வியூபைண்டர் வழியாகத் தானாகக் குவியும்போது மட்டும் தவறினால், உள்ளிருக்கும் ஆடி அல்லது அதன் கீழுள்ள குவியப் பகுதி நகர்ந்திருக்கலாம். இதுவும் உங்கள் கோரிக்கையில் இடம்பெற வேண்டும்.

இப்போது பணம். ஈபேயில் வாங்கியிருந்தால், பொருள் கிடைத்து 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும். பேபாலில் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாட்கள் உண்டு. சர்வதேச அஞ்சலில் பொதுவாக அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் விசாரணை கோரலாம். விளம்பரம் பார்த்து உள்ளூரில் வாங்கியிருந்தால் பெரும்பாலும் பேச்சுவார்த்தைதான் வழி. எந்த வழியானாலும், திருத்துபவரிடம் செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, கோபுரப் படங்களுடன் அனுப்புங்கள். “உடைந்து வந்துவிட்டது” என்ற புலம்பலை விட ஒரு தொகை எழுதிய கடிதத்துக்கு விரைவில் பதில் வரும். முழுப் பணமா, ஒரு பகுதியா என்று கேட்டால், உடலில் குறை இருக்கும்போது முழுப் பணத்தையே கேட்பது நல்லது; லென்ஸில் மட்டும் குறை என்றால் பகுதிப் பணத்துக்கு நான் சம்மதிப்பேன்.

நெளிந்த முன்வளையத்தை இதற்குப் பிறகு நிமிர்த்தலாம். குறடு வேண்டாம், பூச்சையும் புரியையும் அது தின்றுவிடும். இதற்கென்றே விற்கும் லென்ஸ் வைஸை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விரியுங்கள்.

பிற்சேர்க்கை: லென்ஸ் ஆடுகிறது, சரியாகப் பூட்டுப்படவில்லை என்று கல்முனையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். மலிவான 18-55 லென்ஸ்கள் பலவற்றில் கமராவோடு பூட்டும் பின்வளையம் பிளாஸ்டிக்கால் ஆனது, அடி விழுந்தால் அதன் காதுகள்தான் முதலில் உடையும். உடலைக் காப்பாற்றி அது உடைந்ததென்றால் நல்லதுதான், மாற்றுவளையம் தனியாகவே கிடைக்கிறது. அதை மாற்றும்போது கவனியுங்கள்: ஜப்பானியக் கமராக்களின் திருகாணிகள் பெரும்பாலும் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில்துறைத் தரம்) வகையைச் சேர்ந்தவை, வழக்கமான பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவர் அவற்றில் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும் என்பதால், ஜே.ஐ.எஸ். முனையையே வாங்குங்கள். மின்தொடுகைப் பட்டியைப் பிடித்திருக்கும் இரண்டு சிறிய திருகாணிகளை மற்றவற்றோடு கலக்காமல், ஒரு தாளில் டேப்பால் ஒட்டி வையுங்கள்.